கிராபிக்ஸ் கார்டு: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

தை பிறந்தால் டெல்டாவில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் சூடு பிடிக்கின்றன. வயலில் சம்பா அறுவடை, ஊரில் முகூர்த்தங்கள். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களின் கணினிகளுக்கு அந்த நாள்களில் ஓய்வே கிடையாது. பார்த்துப் பார்த்து அப்போதுதான் எடிட்டிங் திரையில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அல்லது ரெண்டர் (வெட்டிய காட்சிகளை முழு வீடியோவாக்கும் வேலை) பாதியில் திரை கறுத்து, விசிறி மட்டும் முழு வேகத்தில் அலறும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் சற்று நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "அண்ணே, கார்டு போய்விட்டது. புதிதாகப் போட்டுவிடலாம்."

அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டவுடன் பணத்தை எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போடும் முதன்மைச் சிப், அதைச் சுற்றி மெமரி சிப்புகள், இவற்றுக்கு மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் பகுதி, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க், விசிறி என்று தனித்தனிப் பாகங்கள் இருக்கின்றன. விசிறி நின்றுபோன கார்டும் முதன்மைச் சிப் செத்துப்போன கார்டும் கடையில் ஒரே வாக்கியமாகத்தான் வெளிவரும். முன்னதைச் சிறு செலவில் சரிசெய்துவிடலாம். பின்னதற்கு எவ்வளவு செலவழித்தாலும் வீண். கார்டு எத்தனை வருடம் பழையது, வாங்கியபோது என்ன விலை என்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த இடம் பழுது என்பது தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் முடிவு தானாக வந்துவிடும். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு: கார்டைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் கரண்டையும் தூசியையும் ஈரத்தையும் விசாரிக்க வேண்டும்.

கோளாறு எப்போது தலைகாட்டுகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு கம்பெனியின் பெயர் வருகிற திரையிலேயே, அல்லது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள்ளேயே, புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் விண்டோஸையும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அது வன்பொருள் கோளாறு. கட்டம் கட்டமாக, சீரான இடைவெளியில் வண்ணப் புள்ளிகள் நின்றால் பெரும்பாலும் வீடியோ மெமரிதான் காரணம்.

அதற்கு முன், கேபிளையும் மானிட்டரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் வரை போகிற கணினி என்றால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. புள்ளிகள் தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் புள்ளிகள் இருந்தால் கார்டு வரைந்ததே தவறு. படம் சுத்தமாக இருந்தால் கேபிள், மானிட்டர், கார்டின் வெளியீட்டு முனை ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். நல்ல கார்டு ஒன்று வீணாகப் பலியாகாமல் காக்க இந்த ஒரு படமே போதும்.

டெஸ்க்டாப் வரும்வரை ஒழுங்காக இருந்து, டிரைவர் ஏறும் கணத்தில் திரை கறுத்தால் முதலில் டிரைவரைப் பாருங்கள். டிடியு என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, சேஃப் மோடில் பழைய டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். அதன் பிறகும் டிவைஸ் மேனேஜரில் 43 என்ற பிழை எண் வந்தால், கார்டே 'எனக்குக் கோளாறு' என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். மெமரியோ சிப்போ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை கூடும்போது மட்டும் விழுகிற கணினிதான் பலரையும் குழப்புகிறது. இதற்கு விண்டோஸில் கோளாறுகள் பதிவாகும் ஈவென்ட் வியூவரைத் திறந்து இரண்டு எண்களைத் தேடுங்கள். 4101 என்று இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டும் எழுந்திருக்கிறது. விண்டோஸ் இதற்குக் கொடுக்கும் அவகாசம் வழக்கமாக 2 வினாடி. இது கார்டு அல்லது டிரைவர் பக்கம் கைகாட்டுகிறது. 4101 எதுவும் இல்லாமல், கர்னல் பவர் 41 என்பது மட்டும் பதிவாகி, கணினி முழுவதுமே பட்டென்று அணைந்து எழுந்திருந்தால், கார்டை விட்டுவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பாருங்கள்.

கரண்டு என்னும் முதல் சந்தேகம்

டெல்டாவில் கார்டின் மேல் போடப்படும் பழிகளில் ஒரு பெரும்பங்கு உண்மையில் மின்சாரத்துடையது என்பது என் கருத்து. கணக்கு எளிமையானது. மதர்போர்டின் ஸ்லாட் தரக்கூடியது 75 வாட். 6 முனைக் கேபிள் இன்னொரு 75 வாட். 8 முனைக் கேபிள் 150 வாட். கார்டு மாடல்களில் ஜிடிஎக்ஸ் 1060 கேட்பது 120 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட், ஆர்எக்ஸ் 580 கேட்பது 185 வாட். இவை சராசரிக் கணக்குகள். ரெண்டர் நடக்கும்போது கண நேரத்துக்கு இவற்றைத் தாண்டியும் கேட்கும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் மேல் '450 வாட்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி இவற்றை ஓட்டக் கூடாது. ஹார்டு டிஸ்க்குக்கான பழைய நான்கு முனை வயரிலிருந்து மாற்றுக் கேபிள் போட்டுக் கார்டுக்குக் கரண்டு கொடுத்திருந்தால் அதை இன்றே கழற்றிவிடுங்கள். அந்த முனை சூடேறிக் கருகும். கார்டின் முனையையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

பம்பு செட்டுகள் ஒன்றாக ஓடும் வேளையில் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்குவது நமக்குப் பழகிப்போன விஷயம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் குறைந்து வரும்போது, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். கைவிடுகிறது. யு.பி.எஸ். இருக்கிறதே என்று நினைக்கலாம். வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருக்கும் 600 விஏ யு.பி.எஸ். உண்மையில் தாங்குவது பெரும்பாலும் 360 வாட். எடிட்டிங் கணினி, இரண்டு மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதில் மாட்டியிருந்தால், லைன் போய் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் எல்லாம் அணையும். மறுநாள் கடையில் 'கார்டு அடிக்கடி கட் ஆகிறது' என்று சொல்வோம்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதா? எர்த் சரியில்லை. இந்த நிலையில், திருமணப் படத்தை வாடிக்கையாளருக்குப் போட்டுக்காட்ட எச்டிஎம்ஐ கேபிளில் பெரிய டிவியை இணைக்கும்போது, இரு கருவிகளின் உடல்களுக்கு இடையே இருக்கும் மின்னழுத்த வேறுபாடு அந்தக் கேபிள் வழியாகவே பாய்கிறது. எச்டிஎம்ஐ முனை போவதற்கு இது நல்ல காரணம். எர்த் சரிசெய்யாமல் புதுக் கார்டு வாங்கினால் அதற்கும் அதே கதிதான். இரண்டையும் அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுவது குறைந்தபட்ச எச்சரிக்கை.

ஆக, கார்டைக் கடைக்குக் கொண்டுபோகும் முன்பே செய்ய வேண்டியது இதுதான்: தெரிந்தவர் யாரிடமாவது 550 வாட் தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒரு மாலைப் பொழுதுக்கு வாங்கி மாட்டிப் பாருங்கள். முடிந்தால் உங்கள் கார்டை அவர் கணினியிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கும் அதே கோளாறு வந்தால் கார்டின் மேல் குற்றம் உறுதி. வராவிட்டால், வாங்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். மட்டும்.

கூலரைக் கழற்றினால்

வாரண்டி முடிந்த கார்டு என்றால், ஹீட் சிங்கும் விசிறியும் சேர்ந்த கூலரைக் கழற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம். சிப்பைச் சுற்றிப் பின்புறத்தில் ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள் இருக்கும். ஒரே பக்கமாகக் கழற்றாமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். தூக்கும்போது விசிறியின் மெல்லிய வயர் போர்டில் மாட்டியிருக்கும். அதை முதலில் விடுவியுங்கள்.

உள்ளே தெரிவது நம் ஊருக்கே உரிய காட்சி. ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே, விசிறி காற்றைத் தள்ளும் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கம்பளித் துணிபோல அடைத்திருக்கும். அதைக் குச்சியால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் வீட்டுத் தூசி இல்லை என்று தெரியும். பொன்னிறத்தில் மினுங்கும் நுண்ணிய ஊசிகள்: நெற்சுணை. சாலையோரத்தில் நெல் காயும் நாள்களிலும், அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் இறங்கும் நாள்களிலும் ஜன்னல் வழியாக வந்து சேர்ந்தவை. கரடுமுரடாக இருப்பதால் இவை சாதாரணத் தூசியைப்போல ஊதினால் பறப்பதில்லை. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காற்றுவழியை அடைத்துவிடுகின்றன. புளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும்.

சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். மெமரியின் மேல் ஒட்டியிருக்கும் பட்டைகள் கிழிந்து வந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இதில் பலர் கோட்டை விடுவது பட்டையின் தடிமனில். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால், கூலர் சிப்பின் மேல் சரியாக அமராமல் மேலே நின்றுவிடும். வேலை செய்த பிறகு சூடு முன்பைவிட ஏறும். பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள்.

சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ, ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். ஜிடிஎக்ஸ் 1060-க்குக் கம்பெனி குறித்த உச்ச வரம்பு 94 டிகிரி. அதை நெருங்கும் முன்பே கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப்பின் பொதுவான சூட்டுக்கும், ஹாட் ஸ்பாட் என்று காட்டப்படும் மிகச் சூடான புள்ளிக்கும் இடைவெளி 25 டிகிரிக்கு மேல் போனால் பேஸ்ட் அல்லது கூலரின் பிடிமானத்தில்தான் குறை. இது பழுதே அல்ல, பராமரிப்பு. புதுக் கார்டுப் பேச்சுக்கே இடமில்லை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் பக்கத்துக் கணினிகளில் வேறொரு கதை. கடல் காற்றின் உப்பும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்து, ஸ்லாட்டில் செருகும் தங்க முலாம் பூசிய முனைகளிலும் ஈயப் பற்றுகளிலும் களிம்பு ஏற்றுகின்றன. கார்டைக் கழற்றி, அந்த முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டினாலே 'செத்த' கார்டுகள் சில உயிர்பெறுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கணினிகள் ஈரத்தில் கிடந்தன. அப்படிக் கிடந்ததை உலர்த்தாமல் ஓட்டக் கூடாது. மின்சாரம் திரும்பி வோல்டேஜ் நிலைக்கும்வரை பிளக்கைப் பிடுங்கி வைப்பதும் நல்லது.

இனி, எந்த வழி?

இவ்வளவும் பார்த்த பிறகும் கார்டுதான் குற்றவாளி என்றால், வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

வாரண்டி இருந்தால் வேறு பேச்சே வேண்டாம். பெரும்பாலான கார்டுகளுக்கு இங்கே 3 ஆண்டு கிடைக்கிறது. சில கம்பெனிகள் பில் தேதியிலிருந்தும் சில சீரியல் எண்ணிலிருந்தும் கணக்கிடுகின்றன. இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் சற்று மலிவாக வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் தவிக்கிறார்கள். கார்டைத் திறக்காதீர்கள். துருவும் கருகலும் தென்பட்டால் சர்வீஸ் சென்டரில் மறுப்பார்கள் என்பதால், கடலோரத்துக்காரர்கள் வாரண்டிக் காலத்திலேயே முனைகளை அவ்வப்போது பார்த்துவருவது நல்லது.

வாரண்டி இல்லையென்றால் அடுத்தது சிப் லெவல் பழுது பார்ப்பு, அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களைத் தனித்தனியாக மாற்றுவது. திருச்சி, தஞ்சை போன்ற ஊர்களில் லேப்டாப் சிப் லெவல் வேலை செய்பவர்கள் உண்டு. கிராபிக்ஸ் கார்டிலேயே கை தேர்ந்தவர் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருப் பக்கம் போக வேண்டியிருக்கலாம். மன்னார்குடியில் இரவு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் அங்கே இருக்கலாம். நேரில் போவதில் ஒரு லாபம் இருக்கிறது: கேள்வி கேட்கலாம். "தம்பி, ஷார்ட் எந்த இடத்தில் என்று மீட்டரில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

அவர் காட்டுவதைப் புரிந்துகொள்ளச் சில விவரங்கள். 12 வோல்ட் உள்ளே வரும் முனைக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜிய ஓம் காட்டினால் அங்கே ஷார்ட் உறுதி. மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் மாஸ்ஃபெட் ஒன்றோ, ஒரு கெப்பாசிட்டரோ போயிருக்கும். இவை சிறு பாகங்கள், மாற்றக்கூடியவை. ஆனால் முதன்மைச் சிப்புக்குப் போகும் காயிலில் மீட்டர் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டுவது பெரிய சிப்புகளில் இயல்பானது. அங்கே மீட்டர் பீப் ஒலித்தது என்பதற்காக 'சிப் போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால், அதே மாடல் நல்ல கார்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மாஸ்ஃபெட் போன கார்டிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. முதன்மைச் சிப் ஏறக்குறைய 1 வோல்ட்டில் ஓடுவது. மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது 12 வோல்ட் அப்படியே சிப்புக்குள் பாய்ந்திருக்கலாம். அப்படியானால் மாஸ்ஃபெட்டை மாற்றினாலும் கார்டு எழாது. ஆகவே, பாகத்தை மாற்றும் முன்பே சிப் உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பவரிடம் கொடுங்கள். 'படம் வந்தால் மட்டும் கூலி' என்று ஒப்புக்கொள்பவர் இன்னும் மேல்.

மெமரி சிப் மாற்றுவது இதைவிட நுட்பமான வேலை. 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-இல் அப்படி 6 சிப்புகள். 8 ஜிபி ஆர்எக்ஸ் 580-இல் 8. இவற்றில் உள்ள ஜிடிடிஆர்5 வகை மெமரி சிப் ஒவ்வொன்றின் அடியிலும் பற்றவைத்த 170 சிறு குண்டுகள். எந்தச் சிப் பழுது என்று குறிப்பாகக் காட்டும் சோதனை மென்பொருள் பழுது பார்ப்பவர்களிடம் இருக்கிறது. அந்தத் திரையைப் பார்க்காமல் மெமரி மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஒரே ஒரு சிப் என்றால் மாற்றலாம். இரண்டு மூன்று என்றால் முதன்மைச் சிப்பிலிருந்து வரும் வழியே பழுதாகியிருக்கக்கூடும்; நிறுத்திவிடுவது நல்லது.

முதன்மைச் சிப்புக்குச் சூடு காட்டுவது, ரீபாலிங் (சிப்பைக் கழற்றி அடியில் உள்ள குண்டுகளைப் புதிதாக வைப்பது) செய்வது ஆகிய இரண்டையும் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஹாட் ஏர் கருவியால் சிப்பைச் சூடாக்கினால் செத்த கார்டு சில நாள், சில வாரம் ஓடுவது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் ஈயத்துக்குத் தடை விதித்த பிறகு, பற்றவைக்கும் கலவை 183 டிகிரியில் உருகுவதிலிருந்து 217 டிகிரி சுமாரில் உருகும் வகைக்கு மாறியது. 'ஈயமில்லாத பற்று விரிசல் விட்டுவிட்டது. உருக்கினால் ஒட்டிக்கொள்ளும்' என்ற விளக்கம் அப்போதிலிருந்து பரவியது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் விரிசல் அந்தக் குண்டுகளில் இருப்பதில்லை. சிப்பின் சிலிக்கனுக்கும் அதைத் தாங்கும் சிறு பலகைக்கும் இடையே உள்ள நுண்ணிய பற்றுகளில் இருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளில் இந்த இடத்துப் பொருள்கள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு, வாரண்டிச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்த இடத்தை ரீபாலிங் தொடுவதே இல்லை. சூட்டில் உலோகம் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். முகூர்த்தக் காலத்தில் அந்தத் தற்காலிகத்தை நம்பி வேலை ஒப்புக்கொள்வது கொடுமை. முதன்மைச் சிப் போனால் கார்டு போனது. அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். வீட்டு அவனில் கார்டை வேகவைக்கும் வேலை அதைவிட மோசம். அந்தப் புகை பட்ட அவனில் பிறகு சமைக்கக் கூடாது.

கூலி எவ்வளவு வரை நியாயம்? நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. அதே மாடல் கார்டு இன்று பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். மாஸ்ஃபெட், கெப்பாசிட்டர், ஃபியூஸ் வேலை என்றால் அதில் பாதி வரை கொடுக்கலாம். மெமரி மாற்றுவதென்றால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். உதாரணமாக, பழைய கார்டு 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், மெமரிக்கு 3,000-க்கு மேல் கேட்பவரிடம் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எந்த வேலையானாலும் ஒரு மாதமாவது உத்தரவாதம் எழுதி வாங்குங்கள்.

பழையதா, புதிதா, கார்டே வேண்டாமா?

பழைய கார்டு வாங்கும் வழி மலிவுதான். ஆனால் 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டுகளை வைத்து அதை எடுக்கும் தொழில் படுத்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வெள்ளமாக வந்தன, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டது என்று சொல்லமாட்டேன். விசிறியும் மெமரிப் பட்டைகளும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் முன்னால் அரை மணி நேரம் கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளும், ஓசிசிடி மென்பொருளில் மெமரிச் சோதனையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் திறந்து பெயரைப் பாருங்கள்: பழைய கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உண்டு, அந்த மென்பொருள் அவற்றைப் போலி என்றே குறித்துக்காட்டும்.

வயது முக்கியமாகிற இடம் ஒன்று உண்டென்றால் அது டிரைவர். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியா 2025 அக்டோபரோடு வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே, சொந்த ஜிடிஎக்ஸ் 1060-ஐச் சிறு செலவில் பழுது பார்ப்பது சரி. இன்று ஒரு 1060-ஐத் தேடிப்போய் வாங்குவது சரியில்லை. பழையது வாங்குபவர்கள் 1660 சூப்பர் அல்லது ஆர்டிஎக்ஸ் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

புதிது வாங்குவதற்கு என் பார்வையில் வலுவான காரணம் ஒன்றே: கேமரா. இப்போதைய கேமராக்களில் பலர் 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரம் அதிகம் பதியும் முறையில் திருமணங்களை எடுக்கிறார்கள். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும் இந்த வகைக் கோப்பை நேரடியாக விரித்துத் தருவதில்லை; டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதற்குக் காரணம் அதுதான். அப்படிப்பட்டவர்கள் பழைய கார்டைச் சரிசெய்தாலும் திக்கல் தீராது. ஆர்டிஎக்ஸ் 5050 கூட 130 வாட்டில் அந்த வேலையைச் செய்கிறது. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் கலர் வேலை செய்பவர்களுக்கு மெமரி அளவும் முக்கியம். அவர்களுக்கு 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 பழையதாகக் கிடைத்தாலும் வாங்கத் தகும்.

விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடிய கார்டுகளும் உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வீடியோவை ஏற்றுமதி செய்ய உதவும் என்கோடர் இல்லாத கார்டு; போதாததற்கு, மதர்போர்டோடு 4 வழிகளில் மட்டுமே பேசுவதால் பழைய போர்டுகளில் இன்னும் மெதுவாகும். எடிட்டிங் செய்பவர் அதைத் தொட வேண்டாம். இன்டெல் ஆர்க் கார்டுகள் மெமரி தாராளமாக உள்ளவை. ஆனால் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) இல்லாத பழைய மதர்போர்டில் சோர்ந்துவிடும். கம்பெனி ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய கணினியை வைத்திருப்பவர்களுக்கு, தனிக் கேபிளே தேவைப்படாத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பொருத்தம்.

ஃபிளெக்ஸ் பேனர், திருமணப் பத்திரிகை, ஆல்பம் டிசைன் செய்பவர்களிடம் நான் கேட்பது, உங்களுக்குக் கார்டே எதற்கு என்பதுதான். ஃபோட்டோஷாப், கோரல்டிரா வேலைகளுக்கு ராமும் எஸ்எஸ்டியும்தான் வேகம் தருகின்றன. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாற்றிச் செருகி ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். இன்டெல்லில் பெயரின் முடிவில் எஃப் என்று இருந்தால் அந்த வசதி கிடையாது. ஏஎம்டியின் ரைசனில் 5600 போன்றவற்றில் இல்லை. எஃப் அல்லாத 7000 வரிசை முதல் உண்டு. எடியஸில் திருமண வீடியோ வெட்டுபவர்களுக்கும் இது உதவும்: அந்த மென்பொருள் நெடுங்காலமாக இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதியை வைத்தே ஏற்றுமதி செய்துவந்தது. கார்டு சர்வீஸ் சென்டரில் இருக்கும் வாரங்களில் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்கவும் இதுவே வழி. சூட்டில் மட்டும் விழுகிற கார்டு என்றால், ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கி வைத்தும் முகூர்த்தத்தை ஓட்டிவிடலாம்.

கடைசியில் செத்தது செத்ததுதான் என்றால், அந்தக் கார்டைக் காயலான் கடையில் எடைக்குப் போட வேண்டாம். அதன் மெமரி சிப்பும் விசிறியும் மாஸ்ஃபெட்டும் சிப் லெவல் வேலை செய்பவருக்குத் தேவைப்படுபவை. புதுக் கார்டு வாங்கும்போதோ, வேறொரு கார்டைப் பழுதுக்குக் கொடுக்கும்போதோ அதைக் கொடுத்துக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். அவரும் வேண்டாம் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள். செம்புக்காக ஆற்றங்கரையில் போர்டுகளைக் கொளுத்தும் இடத்துக்கு மட்டும் அது போய்விடக் கூடாது.